மௌத்தா மகா வித்தியாலயம்

இறந்துபோன ஒரு மனிதரிடம் கந்தோர் ஒன்று, அதாவது ஓர் அரசாங்க அலுவலகம், விளக்கம் கேட்டு எழுதிய கதை இது. பயந்த பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம், கண்ணுகளா. செபஸ்தியன் மாஸ்டர் உயிரோடிருந்த காலத்திலும் வகுப்பில் சிரித்த பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னவரில்லை.

அறுபதுகளின் கடைசி. மாத்தளை டவுனில் ஒரு பெண்கள் பாடசாலையில், உயர்தர வகுப்பில் தமிழ் மொழியிலே தூய கணிதம் படிக்க ஒரு வகுப்புத் திறந்திருந்தார்கள். ஒரு வாங்கில் நெருக்கி உட்கார்ந்தால் முடிந்துவிடுகிற வகுப்பு. அதிலே இரண்டு பேரை மட்டும் நமக்குத் தெரிந்தால் போதும். ஒருத்தி றம்லா; மார்க்கட்டுக்குப் பின்னால் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் வாப்பாவின் மகள். மற்றவள் டொறீன், இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கிளாக்கரின் மகள், வாய்க்காரி. கணிதம் படிப்பித்த செபஸ்தியன் மாஸ்டர் வஹகோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் இருமிக்கொண்டு வருவார், பின்னேர பஸ்ஸில் இருமிக்கொண்டு போவார்.

அவருடைய கடைசிப் பாடம் எல்லை. எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து, அதை எக்ஸ் சய ஒன்றால் வகுத்துக் கரும்பலகையில் எழுதி, எக்ஸ் ஒன்றாகும்போது என்ன வரும் என்று கேட்டார். றம்லா அவசரமாக ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம். விழித்தாள்.

"ஒன்னுக்குள்ள குதிக்காதே புள்ள," என்றார் மாஸ்டர். "பக்கத்துல போ. இன்னுங் கொஞ்சம் பக்கத்துல. தொட்டுறாதே. இப்ப எதப் பாக்குற?"

"ரெண்டு மாதிரித் தெரியுது சேர்."

"அந்த எடத்துல ரெண்டு இருக்கா?"

"இல்ல சேர். அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. ஓட்டை."

"ஓட்டைதான். ஆனா இந்தப் பக்கமிருந்து வாறவனும் அந்தப் பக்கமிருந்து வாறவனும் அதே எடத்தப் பாத்துத்தான் வாறான். ஆளில்லாத எடத்துக்கும் ஒரு வெலை இருக்கு. அதுக்குப் பேர்தான் எல்லை."

எக்ஸ் வர்க்கத்தின் வகையீட்டை முதற் தத்துவத்திலிருந்து செய்து கொண்டுவரச் சொன்னார். "திங்கக்கெழம பாக்குறேன்," என்றார். சனிக்கிழமை, முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு நின்றுபோயிற்று. வஹகோட்டைச் சேமக்காலையில் மண் தள்ளும்போது பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். றம்லா முக்காட்டை இழுத்துக் கடித்துக்கொண்டு அழுதாள். கையில் அந்தக் கணக்குத் தாள் இருந்தது.

அதிபர் அப்துல் ஸமத் நல்ல மனிதர், அவசரக்காரர். பேசுவது போலவே எழுதுவார். நம்முடைய முஸ்லிம் வீடுகளில் மரணத்தை மௌத்து என்பார்கள், தெரியுந்தானே? ஒருவர் இறந்துவிட்டால் "மௌத்தாப் போய்ட்டார்" என்பது பேச்சு. கணித மேற்பார்வைக் கந்தோருக்கு அதிபர் திங்கட்கிழமையே எழுதினார்: "எமது கணித ஆசிரியர் திரு. செபஸ்தியன் அவர்கள் கடந்த சனிக்கிழமை திடீரென மௌத்தாப் போய்விட்டார் என்பதை மிகுந்த துக்கத்துடன் அறியத் தருகிறேன்."

கந்தோரில் அந்தக் கடிதத்தைப் பிரித்தவர் வடக்கேயிருந்து புதிதாக வந்தவர். அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை. மாத்தளைப் பக்கத்தில் நாலந்தா என்றோர் ஊர் இருக்கும்போது மௌத்தா என்றும் ஓர் ஊர் இருக்கக் கூடாதா? பதில் வந்தது.

"மேற்படி ஆசிரியர் முன்னனுமதி பெறாது மௌத்தா போனமைக்கான காரணத்தை அவரே தமது கைப்பட எழுதி, இக்கடிதம் கண்டதும் அனுப்பி வைக்கவும்."

அதிபர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பிறகு பணிவாக எழுதினார்: "அது அனுமதி பெற்றுப் போகும் இடமல்ல. மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தால் யாராயினும் போகத்தான் வேண்டும்."

மேலிடம் என்ற சொல்லைக் கண்டதும் கந்தோர் எழுந்து நின்றது. மறு தபாலில் செபஸ்தியன் மாஸ்டர் மன்னிக்கப்பட்டார். "மேலிடத்து உத்தரவின் பேரில், மௌத்தா மகா வித்தியாலயத்துக்குத் தற்காலிக இணைப்பில் சென்றுள்ளார்" என்று பதிந்துகொண்டார்கள். தற்காலிகமானபடியால் அவருடைய பாடவேளைகள் அவருக்கே உரியவை, வேறெவரும் அவற்றில் கற்பிக்கலாகாது என்று ஓர் அடிக்குறிப்பும் இருந்தது.

இனி விளக்கமாக எழுதிவிட வேண்டும் என்று அதிபர் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. தமிழ் மொழிக் கணித வகுப்புகளில் ஆசிரியர் பதவி வெற்றிடமானால், வெற்றிடமான கணத்திலிருந்து அந்த வகுப்பு கலைக்கப்படும். மாணவிகள் மனையியல் வகுப்புக்கு மாற்றப்படுவர்.

அதிபர் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

"மகள்மாரே, மாஸ்டர் மௌத்துன்னு நான் எழுதினேன். எழுதினேனா இல்லையா? நாம பொய் சொல்லல்ல. அவங்க வெளங்கிக்கிட்டது அவங்கட பாடு. நீங்க வாயத் தொறந்தா நாளைக்கே வட்டிலப்பம் செய்யப் போகணும்."

"வட்டிலப்பமும் நல்லதுதானே சேர்," என்றாள் டொறீன்.

"பகிடி விடாதீங்க புள்ள. கணக்குப் படிக்கணுமா, வேணாமா?"

றம்லாவுக்குக் கணக்குப் படிக்க வேண்டும். எக்ஸ் என்றும் வை என்றும் பேசத் தொடங்கிய பிறகுதான் தனக்கு வாய் முளைத்தது போல அவளுக்கு இருந்தது. தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து மாஸ்டரின் மூன்றாம் பாடவேளை இப்படித்தான் நடந்தது. மணி அடிக்கும். பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். "வணக்கம் சேர்," என்று வெறுங் கதிரைக்குச் சொல்வார்கள். அதிபர் வாசலில் நின்று, "செபஸ்தியன் மாஸ்டர்!" என்று பெயரைக் கூப்பிடுவார். மறுமொழி வராது. "கடமையில்," என்று இடாப்பில், அந்த வருகைப் பதிவில், பதிந்துகொண்டு போவார். பாடவேளை முடியும்வரை யாரும் கதிரையைப் பார்க்காமல் கதிரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் கிழமை டொறீன் சிரித்தாள். இரண்டாம் கிழமை சிரிக்கவில்லை. மழை நாட்களில், கூரைத் தகரம் இரைகிற சத்தத்துக்கு அடியில், யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும். சோக்குக் கட்டி தானாக உருண்டு கரும்பலகையின் ஓரத்தில் வந்து நிற்கும். தரை சரிவு என்று அதிபர் சொன்னார். தரை சரிவுதான். ஆனால் மாஸ்டர் இருந்தபோதும் அந்தத் தரை சரிவாகத்தானே இருந்தது?

றம்லா தினமும் அந்தக் கணக்கையே செய்துகொண்டிருந்தாள். எக்ஸோடு எச் என்றொரு சின்னஞ்சிறு அளவைக் கூட்டு. வர்க்கமாக்கு. பழைய எக்ஸ் வர்க்கத்தைக் கழி. மிச்சத்தை எச்சால் வகு. இரண்டு எக்ஸ் சக எச், அதாவது இரண்டு எக்ஸோடு ஒரு எச், என்று வந்து நிற்கும். இனி எச் பூச்சியத்தை அணுகட்டும். எச்சைத் தூக்கிவிட்டால் விடை இரண்டு எக்ஸ். அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் அவளுடைய கை நின்றுவிடும்.

"என்னடி, இன்னும் முடியலியா?" என்றாள் டொறீன்.

"எச்சால வகுத்தோமே, அப்ப எச் இருந்திச்சுதானே? பூச்சியத்தால வகுக்க ஏலாதே. அடுத்த வரியில எச் இல்லேங்கிறாங்க. இருந்திச்சா, இல்லையா?"

"கந்தோர்ல கேளு. இடாப்புல பாத்தா உண்டு, கதிரையில பாத்தா இல்ல. நம்ம மாஸ்டர் மாதிரி."

சொல்லிவிட்டு டொறீனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மார்கழி மழைக்கு முன்னால் மாஸ்டரின் மனைவி சவரியம்மா பாடசாலைக்கு வந்தார். கறுப்புச் சேலை. கந்தோரிலிருந்து அவருக்கும் ஓர் அறிவித்தல் போயிருந்தது: கணவர் மௌத்தாவில் கடமையிலிருப்பதால் அவருக்குத் தேவையான கம்பளி உடுப்புகளைக் குடும்பத்தார் நேரடியாக அனுப்பலாம். அதைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அதிபர் அறைக்கும் போகவில்லை. நேராக வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். மூன்றாம் பாடவேளை.

"புள்ளைங்களா, இங்க தெனமும் அவரு பேரக் கூப்பிடுறீங்களாமே?"

றம்லா கணக்குத் தாளை மடித்தாள்.

"கூப்பிடாதீங்கம்மா. அவரால தூங்க முடியல." சவரியம்மாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இந்த நேரமாச்சுன்னா வீட்டுல அலுமாரிக் கதவு தொறக்குது. சட்டையத் தேடுறாரு. இருமுறது கேக்குது. முப்பது வருசம் லேட்டாப் போகாத மனுசன். பேரு கூப்பிட்டா எப்படிப் படுத்திருப்பாரு? நான் அழுது முடிக்கணும்ல? அவரு போயிட்டாருன்னு நீங்களாச்சும் விடுங்க."

றம்லா எழுந்து அவருடைய கையைப் பிடித்தாள். அந்தக் கை மாஸ்டரின் சட்டைகளைத் தோய்த்த கை.

"இடாப்புல அவர் இல்லாட்டி எங்கட வகுப்பும் இல்லியாம், அம்மா," என்றாள் மெதுவாக.

சவரியம்மா வாங்கைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "அப்ப நான் என்னத்தச் சொல்ல?" என்றார். போய்விட்டார்.

சவரியம்மா சபித்துவிட்டுப் போயிருந்தால் றம்லா அன்றைக்குச் சோறு தின்றிருப்பாள். அவர் சபிக்கவில்லை. உம்மா எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை சோற்றுப் பீங்கானைத் தொடவில்லை.

மறு கிழமை கந்தோரின் அதிகாரி வைத்திலிங்கம், அதிபரின் முதற் கடிதத்தைப் பிரித்த அதே ஆள், நேரில் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, குடை, கைப்பெட்டி. மௌத்தாவுக்குப் போன ஆசிரியரின் வகுப்பு எப்படி நடக்கிறது என்று மேற்பார்வை செய்ய வந்திருந்தார். வெறுங் கதிரையின் முன்னால் பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் இருப்பதைப் பின் வாங்கிலிருந்து பாடவேளை முழுவதும் கவனித்தார். ஏதோ எழுதினார். கடைசியில் எழுந்து முன்னால் வந்து, கதிரைக்கு ஒரு சின்னக் கும்பிடு போட்டுவிட்டு, பேசத் தொடங்கினார்.

"பிள்ளையள், நான் பார்த்த வகுப்புகளுக்குள்ளை ஒழுங்கான வகுப்பு இதுதான். ஆசிரியர் தேவையில்லாமல் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. பிள்ளையள் ஒரு கேள்வி கேட்கேல்லை. ஒரு வகுப்புக்கு ஆசிரியர் இருக்கவேணும் எண்டு சட்டத்திலை எங்கையும் இல்லை. ஆசிரியர் பதவி இருக்கவேணும் எண்டுதான் இருக்கு."

"அப்படித்தான் சேர்," என்றார் அதிபர்.

"நான் சேவைக்கு வந்த நாள் துவக்கம் ஆசிரியர்மார் எண்டால் எனக்கு முறைப்பாடுதான். ஒருத்தருக்கு வீடு தூரம். ஒருத்தருக்குத் தண்ணி பிடிக்கேல்லை. வேறை ஒருத்தருக்கு மாமியாரைப் பிடிக்கேல்லை. மௌத்தாவுக்குப் போன ஒருத்தராவது இண்டைவரைக்கும் இடமாற்றம் கேட்டு எழுதினதில்லை! லீவு கேட்டதில்லை! உதுவல்லோ சேவை! வகுப்பிலை நிக்கிற ஆசிரியர்மாராலைதான் எங்களுக்கு எப்பவும் கரைச்சல்."

"போக்குவரத்துத்தான் அங்க ஒரு வழி சேர்," என்றாள் டொறீன். அதிபர் அவளை முறைத்தார்.

"வழி எண்டதும் ஞாபகம் வருது. போன மாசம் ஒரு மாஸ்டர், ஓய்வுக்குக் கிட்டினவர், நெஞ்சு வருத்தக்காரர், மாற்றம் கேட்டுக் கேட்டு எங்களை அரிச்சவர். மௌத்தாவுக்குப் போடுவம் எண்டு போட்டம். அந்தக் கிழமை முடியேல்லை, வீட்டுக்காரர் எழுதிப்போட்டினம், 'அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்' எண்டு. கடமையேற்பு எண்டு உடனை பதிஞ்சம்."

தகரத்தில் மழை தொடங்கியது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் பயந்தார்கள். அதிபரின் உதடு மட்டும் அசைந்தது. மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற இன்னாலில்லாஹியை ஓதினாரோ என்னவோ.

வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கெண்டபடியால் சொல்லுறன். எனக்கும் அங்கைதான் பதவியுயர்வு. முதலாந் தேதி பொறுப்பெடுக்கிறன். அரசாங்க வர்த்தமானியிலையும் வந்திட்டுது. நல்ல குளிரான இடமாம், சத்தம் சந்தடி இல்லையாம்." கைப்பெட்டியைத் திறந்து பேனாவை எடுத்தார். "இந்த வகுப்பை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டிட்டுப் போறன். திருத்தக் கிடக்கிற வீட்டுவேலை இருந்தால் தாருங்கோ. செபஸ்தியன் மாஸ்டரிட்டை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

பேனா தாளைத் தொடப் போனது. ஒரு கையெழுத்து. பிறகு வகுப்பை யாராலும் அசைக்க முடியாது. சோதனை எழுதலாம், மேலே படிக்கக் கம்பஸுக்குப் போகலாம். நாளைக்கும் மூன்றாம் பாடவேளை மணி அடிக்கும், பெயரைக் கூப்பிடுவார்கள், வஹகோட்டையில் ஓர் அலுமாரி திறக்கும்.

றம்லா எழுந்தாள்.

"சேர், கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன் பிள்ளை?"

"மௌத்தாங்கிறது ஊர் இல்ல சேர். நாங்க மௌத்துன்னு சொல்றது செத்துப்போறத. எங்கட மாஸ்டர் செத்துட்டார். வஹகோட்டையில அடக்கினாங்க. நாங்க போய் மண் போட்டோம்."

அதிபர் தலையில் கையை வைத்துக்கொண்டார். வைத்திலிங்கம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"அப்ப... போன மாசம் அனுப்பின அந்த மாஸ்டர்?"

"போய்ச் சேர்ந்துட்டார் சேர்," என்றார் அப்துல் ஸமத்.

வைத்திலிங்கம் உட்கார இடம் தேடினார். பின்னால் தடவினார். கையில் அகப்பட்டது அந்தக் கதிரைதான். உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் "ஐயோ!" என்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மழைதான் பெய்தது.

"வர்த்தமானியிலை வந்திட்டுதே," என்றார் அவர், சின்னப் பிள்ளை போல.

"ரத்துச் செய்ங்களேன் சேர்," என்றார் அதிபர்.

"ரத்துச் செய்யவேணுமெண்டால் அப்பிடியொரு இடமே இல்லை எண்டு கந்தோர் எழுதவேணும். எழுதினால், இதுவரைக்கும் அங்கை அனுப்பின ஆக்கள் எங்கையெண்டு கேட்பினம். கந்தோர் எழுதாது. கந்தோரை எனக்குத் தெரியும், மிஸ்டர் ஸமத். நான்தான் அந்தக் கந்தோர்." கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "முதலாந் தேதிக்கு நான் அங்கை இல்லாட்டில், ஏன் வரேல்லை எண்டு கேட்டு ஆள் அனுப்புவினம்."

யார் அனுப்புவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எங்கட வகுப்பு, சேர்?" என்றாள் றம்லா. அவள் தன் கையாலேயே அதை மூடிவிட்டாளே.

"பதவி வெற்றிடம். வெற்றிடமான கணத்திலை வகுப்பு கலையும். சட்டம்." பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, சட்டென்று வாயை மூடினார். பிறகு மெதுவாக, தனக்குத் தானே சொல்வது போல: "வகுப்பெடுக்கிற ஆசிரியர், பதிலாள் வந்து சேரும்வரைக்கும் வகுப்பை விட்டுப் போகப்படாது. அதுவும் எங்கடை சட்டம்தான்."

"பதிலாள் எப்ப சேர் வருவார்?" என்றாள் டொறீன்.

"கந்தோர் பதிலாள் அனுப்பினதாய் எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியோ பிள்ளை?"

அன்றைக்கு முதல் தடவையாக அவருடைய முகத்தில் ஒரு மனிதன் தெரிந்தான், கண்ணுகளா. பேனாவை எடுத்தார். திரு. செபஸ்தியன் காலமானார் என்று தெளிவான தமிழில் எழுதினார். வெற்றிடம் ஏற்பட்ட அதே கணத்தில் அது நிரப்பப்பட்டது என்று எழுதினார். நிரப்பியவர் பெயராகத் தன் பெயரை எழுதி, மேற்பார்வை செய்த அதிகாரியாகவும் தானே கையெழுத்துப் போட்டார்.

"முந்தி நானும் கணக்குத்தான் படிப்பிச்சனான்," என்றார். "மறந்திருப்பன். கொண்டா பிள்ளை, உந்தத் தாளை."

றம்லா நீட்டினாள். மடிப்பில் கிழிந்து, பல தரம் அழித்து எழுதிய தாள். சிவப்புப் பேனாவோடு ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் நின்றார்.

"எல்லாம் சரி. எல்லை எடுத்த பிறகும் எச்சை ஏன் விடேல்லை?"

"மனசு வரல்ல சேர்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏச நினைத்தாரோ, தெரியாது. பேனாவை அவளுடைய கையில் கொடுத்தார். அவளே வெட்டினாள். இரண்டு எக்ஸ் மட்டும் மிஞ்சியது.

அடுத்த ஞாயிறு வஹகோட்டை வேதக் கோவிலில் செபஸ்தியன் மாஸ்டருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். டொறீன் போனாள், றம்லா வெளி மதிலோரம் நின்றாள். அலுமாரிக் கதவு இப்போது சத்தம் போடுவதில்லை என்று சவரியம்மா சொன்னார். சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

வைத்திலிங்கம் மாஸ்டர் முதலில் தட்டுத் தடுமாறித்தான் படிப்பித்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டால் வேர்த்து விறுவிறுத்துப் போவார். போகப் போகப் பழகிவிட்டது. ஆனால் கந்தோர் அவரை மறக்கவில்லை. மாதா மாதம் முதலாந் தேதி தபாற்காரன் ஒரு கடிதத்தோடு வருவான். மௌத்தா மகா வித்தியாலயத்தில் தங்களுக்கான கதிரை தயாராக உள்ளது, கடமையேற்கும் தேதியை அறியத் தரவும் என்று அதில் இருக்கும். அடியில் இருக்கும் கையெழுத்தை அவர் ஒருநாளும் அடையாளங் கண்டதில்லை. கந்தோரில் அப்படிக் கையெழுத்துப் போடுகிறவர் யாரும் இல்லையாம்.

முதல் கடிதம் வந்த அன்றைக்கு அவர் அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். றம்லாவைக் கூப்பிட்டுப் பதில் எழுதச் சொன்னார்.

"என்னன்னு எழுத சேர்?"

அவர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். வகுப்பைப் பார்த்தார். சோக்கை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

"வந்துகொண்டுதான் இருக்கிறன் எண்டு எழுது பிள்ளை."